வியாழக்கிழமை போனில் நான் கேட்டது

பதினோரு வருஷமாக டயாலிசிஸ் நர்ஸாக இருக்கிறேன். திருவண்ணாமலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன சென்டர். எட்டு மெஷின்கள். கிட்னி வேலை செய்யாதவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் படுத்திருந்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மற்ற வார்டுகளில் நோயாளி வருவார், குணமாவார், போய்விடுவார். எங்களிடம் வருகிறவர்கள் வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் வாங்கிய மார்க், வீட்டுச் சண்டை, வயலில் போட்ட மணிலாக் கடலை எல்லாம் எனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் வரமாட்டார்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் அழுதேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்தவருக்கு ஊசி போடுவேன். அந்த அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை. நின்றது நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கண்கலங்கினால், "பழகிடும்மா" என்று பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் இரண்டு நர்ஸுகள் ஒரே மாதத்தில் வேலையை விட்டார்கள். அவர்கள் ஷிப்டையும் நானே பார்த்தேன். நான்தான் இன்சார்ஜ், வேறு யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் தூங்கினாலும் திங்கட்கிழமை காலையில் உடம்பு ஈரச்சாக்கு மாதிரி கனத்தது. வீட்டில் யாராவது பேசினால் வாய் அசைவது தெரியும், என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

செவ்வாய், வியாழன், சனி காலை பேட்ச்சில் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் வருவாள். முப்பத்து நாலு வயசு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் டீ விற்பாள். கொத்தனார் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் மொபெட்டில் கூட்டிவந்து விட்டுப் போவார். எங்கள் நோயாளிகள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அவள் அதையே சொல்லிச் சிரிப்பாள்.

"ஊருக்கே டீ ஊத்தறேன் சிஸ்டர். எனக்கு மட்டும் அரை டம்ளர். இன்னா நியாயம் இது?"

நான் ஊசியைக் குத்திக்கொண்டே "ம்" என்பேன். ஒரு காலத்தில் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை அவள் வரவில்லை. ஆறரை மணிக்கு அவள் வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"சிஸ்டர், விடியக்காலைல அவ போயிட்டா சிஸ்டர்."

நான் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "அப்படிங்களா. சரிங்க. அப்போ அவங்க ஸ்லாட்ட வேற பேஷண்டுக்குக் குடுத்துடட்டுமா?"

அவருக்குப் பின்னால் பெண்கள் அழுவது கேட்டது.

"குடுங்க சிஸ்டர்" என்றார். போனை வைத்துவிட்டார்.

பக்கத்தில் நின்றிருந்த ஜூனியர் பெண் என்னையே பார்த்தாள். நான் வெயிட்டிங் லிஸ்டை எடுத்து முதலில் இருந்தவருக்குப் போன் போட்டேன். ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டேன். எதுவும் உறுத்தவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து என் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. எட்டாவது படிக்கிறாள். படியில் விழுந்து வலது கையில் அடி. போனை அவளிடம் கொடுத்தார்கள், தேம்பிக்கொண்டிருந்தாள்.

"வலி எவ்ளோ இருக்கு? பத்துக்கு எத்தனைனு சொல்லு."

தேம்பல் நின்றது. "அம்மா, நான் உன் பேஷண்ட் இல்லம்மா" என்றாள்.

அப்போதுதான் பயம் வந்தது. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்குள் ஒருத்தி இருந்தாளே, அவள் எங்கே போனாள் என்ற திகைப்பு. அன்று சாயங்காலம் கட்டுப்போட்ட கையோடு மகள் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன். அம்மா என்றால் தடவ வேண்டும் என்று தெரியும், அதனால் தடவினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. பெற்ற பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படி உட்கார்ந்திருப்பதைப் போன்ற ஒரு நரகம் வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த வாரம், காலையில் சென்டருக்குப் போகக் கிளம்பியவள் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இந்த பஸ் எதிலாவது மோதினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சாகணும் என்றில்லை. ஒரு கால் உடைந்தால் போதும். ஒரு மாதம் படுத்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். பஸ்ஸில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எதிர் சீட்டில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அதெல்லாம் கண்ணில் பட்டும் அதையேதான் நினைத்தேன்.

இறங்கி நிழற்குடையில் உட்கார்ந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு பேர் மெஷினுக்காகக் காத்திருப்பார்கள் என்று தெரியும். கை எழவில்லை. பத்து மணி வாக்கில் என் கணவர் கூப்பிட்டபோது எடுத்துவிட்டேன். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்.

"எங்க இருக்க?"

"கீழ்பென்னாத்தூர்ல."

"அங்க எதுக்குப் போன?"

"தெரியலங்க."

பைக்கில் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "என் மேல தப்பு. பாத்துக்கினேதான் இருந்தேன். வேலை ஜாஸ்தி, சரியாயிடும்னு விட்டுட்டேன்" என்றார். வண்டியில் ஏறியதும் அவர் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். விழுந்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார்.

மறுநாளே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா என்னைவிட வயசில் சின்னவர். தூக்கம், சாப்பாடு, சாக நினைத்தேனா எல்லாம் கேட்டுவிட்டு, "கடைசியா எப்போ அழுதீங்க?" என்றார். எந்த வருஷம் என்றுகூட ஞாபகம் வரவில்லை. வியாழக்கிழமை போன் பேசியதைச் சொன்னேன். அப்போதும் மெஷின் ரீடிங் சொல்வது போலத்தான் சொன்னேன்.

"நான் கெட்டவளாயிட்டேனா மேடம்?"

"ஒரே கையில வருஷக்கணக்கா பாரம் தூக்கினா கை மரத்துப் போகும். அது செத்துப்போச்சுனு அர்த்தம் இல்ல. ஆனா கீழ வெச்சாதான் உணர்ச்சி திரும்பும். திரும்பும்போது வலிக்கும், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

மாத்திரை எழுதினார். ஆறு வாரம் லீவு எழுதினார். நிர்வாகத்தில் முகம் சுளித்தார்கள், கொடுத்தார்கள்.

லீவு எடுத்தால் தேறிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். முதல் மூன்று வாரம் வேலையைவிட மோசமாக இருந்தது. காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து பல் தேய்ப்பதே ஒரு மலை. தலை வாராமல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். யாருக்கும் ஊசி போடாத இந்தக் கை எதற்கு என்று தோன்றும். கணவர் சோறு வடித்து வைத்துவிட்டுப் போவார். மகள் இடது கையால் எனக்குத் தட்டு எடுத்து வைப்பாள். அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நாலாவது வாரம் ஒரு காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். டீ விற்ற பெண்ணின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவள் வீட்டுக்காரர் வாசலில் கரண்டியும் மட்டப்பலகையும் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"அன்னைக்குப் போன்ல நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆமா" என்றார். பிறகு, "பொணத்த இன்னும் குளிப்பாட்டக்கூட இல்ல சிஸ்டர். ஒரு நாள் கழிச்சு கேட்டிருக்கலாம்."

"மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் எனக்கு இப்ப வராது சிஸ்டர். பொய் சொல்ல மாட்டேன்." மட்டப்பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அந்த எடத்துல வந்தவரு எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மனிதரின் கை ஞாபகம் இருந்தது. ரத்தக்குழாய் எங்கே புடைத்திருக்கும், எந்த ஊசி ஏறும் எல்லாம் தெரியும். முகம் வரவில்லை. லீவு போடும்வரை வாரத்துக்கு மூன்று நாள் பார்த்த முகம்.

"தெரியலங்க" என்றேன். "எனக்கு முகமே தெரியல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவளுக்கு அரை டம்ளர் அளந்து கொடுத்த வீட்டில் அவ்வளவு தண்ணீர். வாங்கிக் குடிக்க முடியாமல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

கிரிவலப் பாதையில் நடக்க ஆரம்பித்ததும் அழுகை வந்தது. நின்று அழ முடியவில்லை, ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்காக மட்டும் இல்லை. அவளுக்கு முன்னால் போன, நான் அழாமல் விட்ட எத்தனையோ பேர் வரிசையாக வந்தார்கள். மலையைச் சுற்றி வந்தவர்கள் நான் பக்தியில் அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். யாரோ ஒரு அம்மா நெற்றியில் விபூதி பூசிவிட்டு நடந்துகொண்டே போனார். டாக்டர் சொன்னது சரிதான். வலித்தது.

மறுபடி வேலைக்குப் போகிறேன். இன்சார்ஜ் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், வாரத்தில் நாலு நாள்தான். முதல் நாள் ஒவ்வொரு கட்டிலாகப் போய் முகத்தைப் பார்த்தேன். சிலருக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். மாத்திரை இன்னும் நிற்கவில்லை. சில வாரங்கள் பழைய மரத்துப்போதல் திரும்பி வரும், அப்போது வீட்டில் சொல்லிவிடுகிறேன், முன்பு சொன்னதில்லை. போன மாதம் ஒரு பெரியவர் போய்விட்டார். ஜூனியர் பெண் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பழகிடும் என்று நான் சொல்லவில்லை. அவள் வெளியே வரும்வரை அவளுடைய மெஷினைப் பார்த்துக்கொண்டேன்.