உள்ளே விட்ட துணி

பாரிசில் என் உடுப்பு அளவு என்னவென்று யாராவது கேட்டால், எந்தக் கடையில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு கடையில் நாற்பது என்று எழுதிய காற்சட்டை இடுப்பைத் தாண்ட மாட்டேன் என்கிறது. நாலு கடை தள்ளிப் போனால் அதே நாற்பது, பிடித்துக்கொள்ளாவிட்டால் காலடியில் விழுந்துவிடும். இன்னொரு கடையில் எண்ணே கிடையாது, எழுத்துத்தான். காலையில் நான் 'எல்', மத்தியானம் 'எம்'. தோள் சரியென்றால் கை நீளம், கை சரியென்றால் நெஞ்சு இறுக்கம். யாரோ ஒரு மெலிந்த நெடிய பெண்ணை நிறுத்திவைத்துத் துணியை வெட்டிவிட்டு, மற்றவர்கள் எல்லாம் அவளுக்குள் புகுந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். இத்தனை வருடத்தில் எனக்கென்றே தைத்தது போல ஓர் உடுப்பு இந்த ஊரில் அகப்படவில்லை.

கோடை தொடங்கும்போது வேலைத்தலத்தில் ஒருத்தியின் கலியாணத்துக்கு அழைப்பு வந்தது. நீலச் சட்டை ஒன்று தேடி, முன்பு போயிராத கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். அங்கே உடுப்பைப் போட்டுப் பார்க்கும் கபினில் மூன்று பக்கமும் கண்ணாடி. முதுகுப் பக்கத்துச் சிப் முழுதாக ஏறிவிட்டதா என்று பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அதற்குள் அக்கா நின்றாள், எனக்கு முதுகு காட்டியபடி. சற்றே உயர்ந்த இடது தோள், கழுத்தடியில் சுருண்ட பூனைமயிர். எங்கள் ஊரான புளியங்கூடலில் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அவள் முன்னே நடப்பாள், நான் பின்னே போவேன். என் முதுகை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அவளுடையதைக் கூட்டத்துக்குள்ளும் கண்டுபிடிப்பேன். இவ்வளவு காலமும் அது என் பின்னாலேயே வந்திருக்கிறது என்று நினைத்தபடி அங்கிருந்த கதிரையில் இருந்துவிட்டேன்.

அக்காவின் பெயர் சுகந்தி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்றாலும் எங்களுக்கு எப்போதும் ஒரே அளவுதான். கோயில் திருவிழா கிட்டினால், எங்களுக்குச் சரியாக இருந்த பழைய சட்டை ஒன்றை அளவுச் சட்டையாக எடுத்துக்கொண்டு அம்மா தையல்காரி ரூபி அக்காவிடம் போவார். "இதைப் பார்த்து ரெண்டாத் தையும் ரூபி. உள்ளுக்கு நல்லாத் துணி விட்டுத் தையும்" என்பார். வளர்கிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் தைப்பார்கள். பக்கத்து மடிப்புக்குள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு மூன்று தையல் ஓடியிருக்கும். உடம்பு வைத்தால் ஒன்றைப் பிரித்துவிட்டால் போதும், சட்டை இன்னும் ஒரு வருடம் வரும். இங்கே கடை உடுப்பை உட்பக்கம் புரட்டிப் பாருங்கள். ஒரு நூலளவுதான் துணி இருக்கும். நாளைக்கு நீ எப்படி இருப்பாயோ, அது அவர்களின் கவலை இல்லை.

நான் கலியாணமாகி பிரான்சுக்கு வந்தேன். அக்கா சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வன்னிக்குப் போனாள். சண்டையின் கடைசி மாதங்களில் அவளைப் பற்றிய கதை நின்றுபோயிற்று. கண்டோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அம்மா அவளுடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு தெருவில் போராட்டத்துக்கும் இருந்து பார்த்தார். கேட்ட சாத்திரக்காரர் எல்லோரும் இருக்கிறாள் என்றே சொன்னார்கள்.

ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன்னர் அம்மா தொலைபேசியில் கேட்பார்: "பிள்ளை, இப்ப உன்ர அளவு என்ன?" நானும் நெஞ்சும் இடுப்பும் கையும் அளந்து சொல்வேன். சட்டை எதுவும் தபாலில் வந்ததில்லை. நான் வரும்போது தரத் தைத்து வைக்கிறார் என்று எண்ணியிருந்தேன்.

போன வருடம் ஊருக்குப் புறப்பட்டபோது கனடாவில் இருக்கும் அண்ணை தொலைபேசி எடுத்தார். "நீ அம்மாவோட இருந்து கதை. இனியாவது சுகந்திக்கு அந்தியேட்டியைச் செய்து விடுவம். எத்தினை வருசத்துக்கு அவளை அப்பிடியே அலைய விடுறது?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. இறந்தவளுக்குச் செய்ய வேண்டிய அந்தக் கிரியையைச் செய்யாமல் இருப்பது என்னையும் நித்திரை கொள்ள விடவில்லை. அதைச் சொல்லத்தான் போனேன்.

ஊரில் அம்மா அலுமாரியைத் திறந்தார். அடுக்கடுக்காகச் சாறிச் சட்டைகள், ஒன்றும் உடுத்தாதவை.

"இவ்வளவும் எனக்கோ அம்மா?"

"உனக்கேன்? உனக்கு அங்க கடை கடையாக் கிடக்குது. இது சுகந்திக்கு."

"அவளின்ர அளவு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏன் தெரியாது? உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே அளவெல்லே. நீ உடம்பு வைக்க அவளும் வைச்சிருப்பாள்."

என் இரண்டு பிள்ளைப்பேறும், என் பாணும் வெண்ணெயும் சேர்த்த சதையும் அக்காவின் மேல் ஏறியிருந்தன. எனக்குக் கோபம் வந்தது. உயிரோடு முன்னால் நிற்கிற எனக்கு ஒன்றுகூடத் தைக்கவில்லையே என்று வந்த கோபம் அது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது.

"மேல இருக்கிறதைப் போட்டுக் காட்டு, பாப்பம்" என்றார் அம்மா. போட்டேன். தோள், கை, நெஞ்சு எல்லாம் ஒட்டி நின்றன. வாழ்க்கையில் எந்த உடுப்பும் எனக்கு அப்படிப் பொருந்தியதில்லை. அம்மா என்னைச் சுற்றி வந்து கைப்பக்கத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கை கொஞ்சம் இறுக்குது. கழட்டு, ஒரு தையலைப் பிரிச்சு விடுறன். அவள் வந்த உடன போட வேணுமெல்லே."

யன்னலோரம் இருந்து, பிளேட்டால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். அந்தியேட்டி என்ற சொல் என் தொண்டைவரை வந்தது. அவர் உட்துணியை விரலால் நீவி விடுவதைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு ஏலவில்லை. சொல்லாமலே திரும்பி வந்தேன்.

கபினில் நான் இருந்தது அதிக நேரமாகிவிட்டது போலும். "சா வா, மதாம்?" என்று கடைப் பெண் திரைச்சீலையை மெல்ல விலக்கினாள். சுகமா என்று கேட்கிறாள். நான் கண்ணாடியைக் காட்டி "மா சேர்" என்றேன், என் சகோதரி என்று. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓ, சகோதரிக்கா வாங்குகிறீர்கள், அவருக்கு என்ன அளவு? என் அளவுதான் என்றேன். அப்படியானால் யோசிக்காதீர்கள் மதாம், பொருந்தாவிட்டால் ஒரு மாதத்துக்குள் அவரையே வரச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம் என்றாள். நல்ல பிள்ளை. நான் அந்தச் சட்டையை வாங்கினேன்.

கலியாணத்துக்குப் பழைய சாறி ஒன்றைத்தான் உடுத்திக்கொண்டு போனேன். நீலச் சட்டை விலைத்துண்டோடு என் அலுமாரியில் தொங்குகிறது. அவர்கள் சொன்ன மாதம் முடிந்துவிட்டது. புளியங்கூடல் அலுமாரியில் என் அளவில் அவளுக்கு, பாரிஸ் அலுமாரியிலும் என் அளவில் அவளுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா எடுத்தார். திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிறது. "அளவைச் சொல்லு பிள்ளை." அண்ணை சொன்னதை இந்த முறையாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அளவு நாடாவை எடுத்து நெஞ்சைச் சொன்னேன், கையைச் சொன்னேன்.

"இடுப்பு ஒரு இஞ்சு கூடிப்போச்சு அம்மா."

"அவளுக்கும் கூடியிருக்கும்" என்று சிரித்தார். தொலைபேசியை வைக்கப்போனவரை நான்தான் மறித்தேன்.

"அம்மா, ரூபி அக்காட்டச் சொல்லுங்கோ. உள்ளுக்கு நல்லாத் துணி விடட்டாம்."