நெற்றியில் பொட்டு வைத்த பவர் பத்திரம்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது சொன்னேன். ஓசூரில் முதல் கம்பெனி நேர்முகத் தேர்வில் சொன்னேன். மஸ்கட்டுக்கு ஆள் எடுத்தவரிடமும், அவர் கேட்காமலே, சொன்னேன். சொன்ன ஒவ்வொரு முறையும் எதிரில் இருந்தவர் கொஞ்சம் நெகிழ்வார். நானும் கூடவே நெகிழ்ந்துகொள்வேன். அந்த வாக்கியத்தில் ஒரு பிழை இருந்தது. அது எனக்குத் தெரிய ஒரு பத்திரமும் ஒரு குங்குமச் சிமிழும் தேவைப்பட்டன.

அப்பா கல்லாவிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓசூருக்கு வந்து கிரானைட் பட்டறைகளில் லோடு ஏற்றியவர். அக்கா எட்டாவதோடு நின்று ரோஜாப்பூ கம்பெனியில் பசுமைக்குடிலுக்குள் பூ வெட்டப் போனவள். இரண்டு பேர் சம்பளத்திலும் சேர்த்து ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் மூன்று சென்ட் மனை வாங்கினார்கள். பத்திரம் எழுதியவர், "யாருக்குக் கையெழுத்துப் போட வருமோ அவங்க பேர்ல போட்ருங்க, பின்னால ரோதனை இல்ல" என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. படிக்கிற பிள்ளை பேரில் போட்டார். அப்போது எனக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாதம். அந்த மனைக்காக நான் செய்த ஒரே வேலை, பேனா மூடியைக் கழற்றியது.

ஆறு வருடம் கழித்து நான் மஸ்கட்டில் இருந்தேன். அக்கா கல்யாணமாகி ஓசூரிலேயே ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். மாமா வேலை செய்த தொழிற்சாலை மூலமாக ஒரு பேங்கில் வீட்டுக் கடன் அனுமதித்திருந்தார்கள். மனை அக்கா பேருக்கு மாறி, பத்திரம் மார்ச் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அனுமதி ரத்து. அதற்கப்புறம் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று யாருக்கும் தெரியாது.

"மனை உன்னோடதுதான் அக்கா. நான் பேருக்குத்தான் இருக்கேன். எழுதிக் கொடுத்துடறேன்" என்று போனில் சொன்னேன். நியாயமானவனாக இருப்பதில் ஒரு சுகம் உண்டு. வேலை இன்னும் தொடங்காத கட்டத்தில் அந்தச் சுகம் கூடுதல்.

நான் ஊருக்கு வர லீவு இல்லை. ஊரில் யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்தால், என் சார்பில் அவர் அக்காவுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள்; யாருக்கு என்று கேட்டதும் அப்பா பேரைச் சொன்னேன். தூதரகத்துக்குப் பக்கத்துத் தெருவில் டைப் அடிக்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே இருந்த மலையாளி, ஓட்டலில் கேட்பதுபோல், "ஜெனரலா, ஸ்பெஷலா?" என்றார். அவரிடம் ரெடிமேடாக ஒன்று இருந்தது. அதன்படி என் அப்பா எல்லா நீதிமன்றங்களிலும் ஆஜராகலாம், வழக்கறிஞர்களை நியமிக்கலாம், நீக்கலாம், மேல்முறையீடு செய்யலாம். என் அப்பா அதுவரை ஆஜரான பெரிய இடம் ரேஷன் கடை. அதையெல்லாம் எடுத்துவிடச் சொல்லிவிட்டு, அக்காவுக்கு மனையை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் என்ற வரியை நானே பக்கத்தில் நின்று சேர்த்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை எடுத்துவிட்டு, புதுப் போட்டோ எடுத்து ஒட்டினேன். அறைத் தோழர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வந்தார்கள். தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். அவர் சிங்க முத்திரை குத்தினார். அந்த முத்திரை காய்கிறவரை நான் ஊதிக்கொண்டே நின்றேன். பிறகு கூரியரில் அனுப்பினேன்.

கூரியர் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அங்கேதான் விஷயம்.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் சாமி முன்னால் வைத்து மஞ்சள் குங்குமம் இடாமல் தொடுவதில்லை. என் முதல் சம்பளக் கவர், மாமாவின் டிவிஎஸ் வண்டி, மிக்சி, கேஸ் அடுப்பு எல்லாமே பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கின. வெளிநாட்டிலிருந்து வந்த பத்திரம் மட்டும் எப்படித் தப்பும்? அப்பா நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினார். அவருக்குப் படிக்க வராது. அதனால் பார்ப்பதற்கு எது ரொம்பப் புனிதமாக இருக்கிறதோ அதைத் தேடி, சிங்க முத்திரை மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அம்மா என் போட்டோவைப் பார்த்தாள். பிள்ளை முகம் வெறிச்சென்று இருந்ததாம். நெற்றியில் நன்றாக அழுத்தி ஒன்று வைத்தாள்.

மாவட்டம் பிரிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டில் எழுதின பவர் என்றால் முதலில் கிருஷ்ணகிரிக்குப் போய் ஓர் அலுவலகத்தில் முத்திரைக் கட்டணம் கட்டி வர வேண்டும். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர்களும் இன்னும் வேலையில் இருக்கலாம். அப்பாவும் அக்காவும் போனார்கள். அங்கே நடந்ததை அக்கா எனக்குப் போனில், ஆள் ஆளுக்குக் குரல் மாற்றி நடித்துக் காட்டினாள்.

எழுத்தர் பத்திரத்தைப் பிரித்தார். போட்டோவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எப்ப நடந்துச்சு பெரியவரே?" என்றார்.

"போன மாசம் சாமி" என்றார் அப்பா. கையெழுத்துப் போட்டதைக் கேட்கிறார் என்று அவர் நினைப்பு.

"எப்படி?"

"அங்க எம்பசிக்குப் போயி, ஆபீசர் கண்ணு முன்னாலயேதான் சாமி."

"அடப் பாவமே. சின்ன வயசு." எழுத்தர் உச்சுக் கொட்டிவிட்டு, பத்திரத்தைத் திருப்பித் தள்ளினார். "பவர் குடுத்தவரு போயிட்டா பவரும் போயிடுச்சு. வாரிசு சர்ட்டிபிகேட் வாங்கிக்கினு வாங்க."

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்திருக்கிறது. "சார், சார்! எந்தம்பி நல்லா கீறான் சார். நேத்து ராத்திரிகூட போன் பண்ணி நான் என்ன கொழம்பு வெச்சேன்னு கேட்டான்."

"ஏம்மா, உசுரோட இருக்கிற ஆளு போட்டோவுக்கு எவனாவது பொட்டு வெப்பானா?"

"எங்கம்மா வெச்சுட்டாங்க சார்."

"எதுக்கு?"

அந்தக் கேள்வியை அக்கா அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மாவைக் கேட்டிருக்கிறாள். அம்மா கோபித்துக்கொண்டாள். "ஏன், காலண்டர்ல சாமிக்குப் பொட்டு வெக்கலையா? சாமி என்ன செத்தா போச்சு?"

அதற்கு முன்பே, எழுத்தர் மேசையிலேயே, அப்பா தன் செல்போனை எடுத்து நீட்டியிருக்கிறார். "போன் போட்டுத் தரேன் சாமி, நீங்களே பேசிப் பாருங்க." எழுத்தர், குரலெல்லாம் சாட்சியில் வராது என்று சொல்லிவிட்டார். முத்திரை மேலும் குங்குமம் இருக்கிறது, திருத்தம் செய்ததுபோல் தெரிகிறது என்று ஒரு சந்தேகத்தைக் கூடவே எழுதி வைத்தார். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு நான் சான்று தர வேண்டும்.

வாசலில் புரோக்கர் ஒருவர் அக்காவை ஓரங்கட்டினார். "அட ஏம்மா அலையற? சாரைக் கொஞ்சம் கவனிச்சா செத்தவனே எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போடுவான். உந்தம்பி உசுரோடதான கீறாரு? பாதி ரேட்டுதான் ஆவும்."

அக்கா அதை என்னிடம் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. படித்தவனுக்குக் கொதிக்க வேண்டிய இடமல்லவா! "ஒரு பைசா கொடுக்கக் கூடாது. நம்ம பக்கம் நியாயம் இருக்கு. நான் முறைப்படி சான்று வாங்கி அனுப்பறேன்" என்றேன்.

அக்கா சொன்னாள்: "சரிடா. உன் நேர்மைக்கு வாடகை நான் கட்டிக்கினு இருக்கேன், பாத்துக்க."

மறுபடி தூதரகம். உயிர்ச் சான்று என்பது பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் கேட்பது. இருபத்து நாலு வயசுக்காரன் கேட்டதும் ஜன்னலுக்குள் இருந்தவர், "உங்களுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, திருப்தியாகி, எழுதிக் கொடுத்தார். கூரியர் போய்ச் சேரப் பத்து நாள் ஆனது. கிருஷ்ணகிரி எழுத்தர் அதைக் கவனமாகப் படித்தாராம். "இதுல போட்டிருக்கிற தேதிக்கு அவரு உசுரோட இருந்தாருன்னு தெரியுது. அதுக்கப்புறம் பத்து நாள் ஆச்சே?"

தத்துவம் என்றால் இதுதான் தத்துவம். அந்தக் கணக்கில் நம் யாரையும் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க முடியாது. ஆனால் அக்காவுக்குத் தத்துவத்தால் வீடு கட்ட முடியாது. பிப்ரவரி முடிந்திருந்தது. "மார்ச்சு எத்தினி நாளு? முப்பதா, முப்பத்தொண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அவள் மாமியார் பின்னாலிருந்து, "ஏன், உன் தம்பி மனசு மாறிட்டானா? எழுதித் தரேன்னு சொல்றவன் இப்படித்தான் இழுப்பான்" என்று சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

அன்றுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. வெளியில் இருந்து பார்த்தால், மனையைக் கொடுக்க மனமில்லாத தம்பி செய்வதும் நான் செய்துகொண்டிருந்ததும் ஒன்றுபோலவே இருந்தன.

லீவு கேட்டுப் போனேன். எங்கள் கம்பெனியில் அவசர லீவு சாவுக்கு மட்டும்தான், அதற்கும் அத்தாட்சி வேண்டும். லீவு பார்க்கிற அதிகாரி குப்பம் என்ற ஊர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். ஓசூரில் வளர்ந்தவனுக்குத் தெலுங்கு வராமல் இருக்காது. யார் தவறிப்போனது என்று தெலுங்கில் கேட்டார். நான்தான் என்று தெலுங்கிலேயே சொன்னேன். பொட்டு வைத்த அந்தப் பத்திரத்தை அக்கா, மாமாவின் கம்பெனியிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பியிருந்தாள், அதைக் காட்டினேன். ஃபேக்ஸில் குங்குமம் கறுப்பாக விழுந்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் நடு நெற்றியில் சுடப்பட்டு, அமைதியாகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி அதைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்தார். அது அலுவலகம் முழுக்கச் சுற்றி வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொந்தச் செலவில் பத்து நாள் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று வருடம் ஒழுங்காக வேலை செய்து வாங்க முடியாத லீவை, செத்து வாங்கினேன்.

நேரில் வந்துவிட்டால் பவரே தேவையில்லை, ஓசூரில் நானே கையெழுத்துப் போடலாம். ஆனாலும் நான் முதலில் கிருஷ்ணகிரிக்குத்தான் போனேன். அக்கா வேண்டாம் என்றாள். "ஒருத்தர்கிட்ட உசுரோட கீறேன்னு காட்டறதுக்கு நாப்பத்தஞ்சு கிலோமீட்டரு போவணுமா?" போக வேண்டும் என்றேன். போய் அந்த எழுத்தர் மேசையில் பவர் பத்திரத்தை வைத்துவிட்டு முன்னால் நின்றேன்.

"யாரு?"

"அந்தப் போட்டோ சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். வழியெல்லாம் நான் தயார் செய்து வைத்திருந்த, நிர்வாகம் பற்றிய மூன்று வாக்கியங்களைத் தொடங்க வாயைத் திறந்தேன்.

"போட்டோல மீசை இல்லையே" என்றார்.

"இப்ப வளத்துட்டேன் சார்."

"ம். நேர்ல வந்துட்டீங்க, அப்புறம் பவர் எதுக்கு? இதை மொதல்லயே பண்ணியிருந்தா எல்லாருக்கும் அலைச்சல் மிச்சம்." பத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மூன்று வாக்கியங்களும் என்னோடு பஸ்ஸில் ஓசூர் வந்தன.

மறுநாள் ஓசூர் பதிவு அலுவலகத்தில் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. நான் எழுதிக் கொடுப்பவர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷத்தில் பேனாவை அப்பாவிடம் நீட்டினேன். "எழுதி வாங்கிக்கிறவங்க போடணும்" என்றார் உள்ளே இருந்தவர். அக்கா பேனாவை வாங்கினாள். இனிஷியலோடு முழுப் பெயர், மேசைக்குக் குனியாமல், நிறுத்தி நிதானமாக எழுதினாள். என் கையெழுத்து அதற்குப் பக்கத்தில் கோழி கிளறியதுபோல் இருந்தது.

"நல்லா எழுதறியேம்மா. படிச்சிருக்கியா?"

"எட்டாவது வரைக்கும் சார். கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலாம்.

மனை வாங்கிய அன்று, கையெழுத்துப் போடத் தெரிந்தவர் யார் என்று பத்திரக்காரர் கேட்டபோது, அவள் பூ கம்பெனியில் இருந்தாள். பவர் எழுதும்போது யார் பேரில் என்று கேட்டார்கள், அப்பா என்றேன். இரண்டு தடவையும் யாருக்கும் அவள் ஞாபகம் வரவில்லை. முதலில் படித்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவனுக்கும் வரவில்லை.

பத்திரம் கைக்கு வந்தபோது மார்ச் முடிய ஒன்பது நாள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து குங்குமச் சிமிழைத் திறந்தார். நான் பதறி எழுந்தேன். அக்கா என் தோளை அமுக்கி உட்கார வைத்தாள். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் பயபக்தியோடு அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினார். முத்திரை மேல் ஒன்று வைத்தார். அம்மா வந்து என் போட்டோவுக்கும் அக்கா போட்டோவுக்கும் மனசார ஆளுக்கு ஒன்று வைத்தாள்.

"என்னக்கா இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"கத்தாதடா. சாமிக்கு ஜெராக்ஸ் போதும்" என்றாள். "ஒரிஜினலை உங்க மாமா அப்பவே பேங்க்குக்கு எடுத்துக்கினு போயிட்டாரு."