இடம் மாறிய மடை

ஞானசிகாமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் சித்திரம் படித்து, துரைமார் பங்களாக்களுக்கு ஆறும் மலையும் வரைந்து கொடுத்துப் பிழைத்தவன். குடை, முக்காலி, வர்ணப் பெட்டி சகிதம் உச்சி வெயிலிலும் போய் உட்கார்ந்துவிடுவான். "வீட்டுக்குள்ள இருந்து மனசுல தோணினத வரையுதவன் நான் இல்லவே. கண்ணு கண்டதத்தான் கை போடும்" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அந்தப் பீற்றலில் ஓர் ஓட்டை இருந்தது. 1906இல், களக்காட்டுப் பக்கம் மனைவி கெசியாவின் ஊர்க் குளத்தை வரைந்தான். குளத்து மடை கிழக்குக் கோடியில், முள்மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது. மேற்கே பனைகளுக்கு அடியில் வைத்தால் படம் எடுப்பாக இருக்குமே என்று அங்கே தூக்கி வைத்துவிட்டான். யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு துரை அதை வாங்கிப் பங்களாவில் மாட்டினார். சென்னைக் கண்காட்சிக்கும் அனுப்பினார். பேர் வந்தது, வேலை மேல் வேலை வந்தது.

சில வருஷங்களில் வெள்ளம் வந்து கரை உடைந்தது. நானே கட்டித் தருகிறேன் என்று வந்த பண்ணையார் சிவசண்முகம், கிழக்கு மடையை மண் போட்டு மூடிவிட்டு, மேற்கே தன் வயலுக்கு ஒன்று திறந்துகொண்டார். கேட்டால், மடை என்றைக்கும் மேற்கேதான் என்று சாதித்தார். கிழக்கு வயல்காரர்களுக்காகக் கோர்ட்டுக்குப் போனவர் கெசியாவின் அண்ணன் நேசையா. சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்ல, பண்ணையாரின் வக்கீல் பங்களாவிலிருந்து அந்தப் படத்தை வரவழைத்துவிட்டார்.

நேசையா தங்கை வீட்டுக்கு ஓடி வந்தார். "மாப்ளே, அழகுக்காவ மாத்திப் போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும். எங்க வயக்காடு பொழச்சுக்கிடும்."

"இதுக்கென்ன மச்சான், சொல்லுதேன்" என்றான். கெசியா அன்றைக்குக் கோழிக்குழம்பு வைத்தாள்.

கூண்டில் ஏறி வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தான். எதிரே, படத்தை வாங்கிய துரை உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அந்த இடத்துலயே உக்காந்து, கண்டதக் கண்டபடி வரையுதவர்தானே?" வக்கீல் நயமாகக் கேட்டார்.

"ஆமா."

"அப்போ இந்த மடையும் கண்டதுதானா? இல்ல, துரைக்குப் பொய்ப் படம் வித்தியளா?"

கோர்ட்டே சிரித்தது. போகட்டும் பேர் என்று விட்டிருக்கக் கூடாதா? துரையைப் பார்த்தான். நேசையா இருந்த பக்கம் திரும்பவில்லை.

"கண்டதுதான்."

பாவி! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இவன் வாயால் கெட்டது ஓர் ஊர். தீர்ப்பு பண்ணையாருக்குப் போனது. கிழக்கு வயல் வெடித்தது. நேசையா தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அங்கேயே காய்ச்சலில் செத்தார். கெசியா புருஷனோடு சண்டைகூடப் போடவில்லை. சீலைகளை மூட்டை கட்டிக்கொண்டு, அண்ணன் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றப் பிறந்த ஊருக்குப் போய்விட்டாள்.

அப்புறம் துரைக்கு வறட்சிப் படம் ஒன்று வேண்டுமென்று ஆசை வந்தது. ஞானசிகாமணிக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? அதே கிழக்கு வயலில் போய்க் குடையை விரித்தான். பாதி வரைவதற்குள், வர்ணம் குழைக்கக் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. கொஞ்சமும் கூசாமல் நேசையா வீட்டு வாசலில் போய் நின்றான்.

"கெசியா, ஒரு செம்பு தண்ணி தாயேன்."

அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இங்கன ஏது தண்ணி? மடையத்தான் மேற்க தூக்கி வச்சியளே, அங்கன போயி மோந்துக்கிடுங்க."

அவன் போனான். மோந்துகொண்டும் வந்தான். பொழுது சாய்வதற்குள் படத்தை முடித்துவிட்டான்.