சட்டைப்பையில் இருந்த பியூஸ்

சவரிமுத்து அண்ணனுக்கு,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள்; பிள்ளை இப்போதுதான் கண் அயர்ந்தான். உங்கள் அண்ணன் அந்தோணிசாமியைப் பற்றி, முப்பதாம் நாள் பூசையில் வாசிக்க எழுதித் தரச் சொன்னீர்கள்.

செவ்வாய்க்கிழமை, ரப்பர்ப்பால் எடை போடும் நேரத்தில், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வந்து சொன்னார்: கோலசிலாங்கூர் சாலையில் காட்டுக் கம்யூனிஸ்டுகள் லோரியைச் சுட்டுவிட்டார்கள், வயர்மேன் அந்தோணி இறந்துவிட்டார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான என் கணவர் பேனாவை மூடாமலே எழுந்து போனார்.

அந்தோணி அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்து எஞ்சின் கொட்டகையும் வேலி விளக்குகளும் அவர் பொறுப்பு. மூன்றாண்டுகளுக்கு முன் துரையின் மனைவி பங்களா முன்னால் மீன்குளம் வெட்டி, பம்பு கேட்டார்.

"புல்லு மேலேயே வயரை இழுத்து வுடுய்யா" என்றார் மண்டோர்.

அந்தோணி அண்ணன் இரண்டடி தோண்டி, இரும்புக் குழாய்க்குள் வயரைச் செலுத்தி, மேலே செங்கல் அடுக்கி மூடினார். "எவனாச்சும் மம்பட்டி போட்டா மொதல்ல செங்கல்லு தட்டணும்லா." கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் தகட்டைச் சுற்றிக் கரியும் உப்பும் கொட்டியபோது மண்டோர் சிரித்தார். "கரி, உப்பு எல்லாம் ஆச்சு. மீனு எப்பப் போடுவே?"

"இதை வுட்டா மீனு தானா வெந்துடும், மண்டோரே."

கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து அவசரகாலம் அறிவித்தபோது எங்கள் வீடுகளையும் பங்களா வேலிக்குள் கொண்டுவந்தார்கள். என் மகன் நடை பழகியதே அந்தக் குளக்கரையில்தான். குளம் கழுவும் நாளில் அண்ணன் பியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார். "சுவிட்சை அணைச்சாப் போதாதாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சுவிட்சை யாரும் போட்டுடலாம், தங்கச்சி. பியூஸ் என்கிட்ட இருந்தா, நான் கரையேறாம கரண்டு வராது."

அந்தச் செவ்வாய் காலை புதிய வேலிக்கம்பம் நட்டவர்களின் கடப்பாரை, செங்கல்லை உடைத்துக் குழாயில் இறங்கிவிட்டது. எர்த் கம்பி அறுந்து கிடந்ததை எனக்குக் காட்டினார். பியூஸைக் கழற்றிப் பையில் போட்டார். "புது வயர் வாங்கியாறேன். அதுவரைக்கும் புள்ளைய அந்தப் பக்கம் வுடாதே" என்று லோரியில் ஏறினார்.

அவரோடு திரும்பி வந்தவை ஒரு செபமாலையும் அந்தப் பியூஸும். செபமாலையை உங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி எழுதுவது பூசையில் வாசிக்க அல்ல, உங்களுக்கு மட்டும். பியூஸை யாரும் பார்க்குமுன் எடுத்து என் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள்; அதற்குள் பம்பு ஓடவேண்டுமாம். எர்த் கம்பியைச் சரிசெய்யாமலே குழிக்கு மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். புதிய வயர்மேன், "அதெல்லாம் ஓடும்லா" என்கிறார். எர்த் அறுந்திருப்பதை நான் சொன்னதற்கு, "நீ என்ன வயர்மேனா?" என்று மண்டோர் கேட்டார். பியூஸைப் பார்க்கவேயில்லை என்று என் கணவரிடமே பொய் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பட்டணத்திலிருந்து வேறு பியூஸ் வந்துவிடும்.

இன்று குளம் அசையாமல் கிடந்தது. அந்தோணி அண்ணன் வழக்கமாக நிற்கும் மூலையில் மீன்கள் வந்து கூடியிருந்தன. நிம்மதியாகப் போய் வாருங்கள், அந்தோணி அண்ணே. நீங்கள் கழற்றியதை நான் கொடுக்கவில்லை.

சவரிமுத்து அண்ணே, நீங்களும் வயர்மேன்தானே. எர்த் இல்லாமல் அந்தப் பம்பை ஓட்டக்கூடாது என்று துரைக்கு இரண்டு வரி எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன் எனக்கும் பதில் போடுங்கள்.