அப்பா போக மறுத்த தீவு

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா கிரேக்கக் கப்பலொன்றில் வேலைக்குப் போனார். கப்பல் பழுதாகி, கிரேக்க நாட்டின் ஒரு சின்னத் தீவில் இரண்டு வருடம் தங்கினார். நாங்கள் பிறகு புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் அந்தத் தீவின் கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய தோட்டங்கள், ஒலிவ் மரத்தடியில் துணி விரித்துக் கம்பால் காய் உதிர்ப்பது, ஊர்ப் பொது அடுப்புக்குப் பெண்கள் பாண் சுடப் பிசைந்த மாவைப் பலகையில் சுமந்து போவது. எல்லாம் நேரில் பார்த்ததுபோல எனக்குத் தெரியும்.

போன கோடையில், அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, அந்தத் தீவுக்கு எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

“நான் அங்கை வரமாட்டன் பிள்ளை.”

“ஏனப்பா?”

அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அங்கை எனக்கொரு மகள் இருக்கிறாள். நான் வெளிக்கிடேக்கை அவளுக்கு ஆறு மாசம்.”

அந்தக் கதைகளை எனக்காகவே அவர் கொண்டுவந்தார் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அவை அவருடைய இன்னொரு வீட்டின் கதைகள். மாவைச் சுமந்து போனது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா கையைத் துடைத்தபடி வந்தார். “என்ன பிள்ளை, எங்கையோ போறமெண்டு சொன்னனி?”

அப்பா என்னையே பார்த்தார்.

“ரிக்கெற் சரிவரேல்லை அம்மா,” என்றேன்.

அம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அப்பா மெல்ல மூச்சு விட்டார்.

அவர் எனக்குச் செய்ததை ஒருநாள் நான் மன்னிக்கக்கூடும். ஆனால் அம்மாவை ஏமாற்ற என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாரே, அதை மட்டும் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.