கயிறு விழுந்த இடம்

வயலில் இறங்குவதற்கு முன் புகழேந்தி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். செருப்பை வரப்பில் விடுவார். வயலின் மூலையில் நின்று, ஆபீஸிலிருந்து சீட்டில் குறித்து வந்த இரண்டு எண்களை ஒருமுறை முணுமுணுத்துவிட்டு, அத்தனை அடி நீளவாட்டில், பிறகு இத்தனை அடி குறுக்கே என்று நடக்கத் தொடங்குவார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா பனைமரமா என்றுகூட அவருக்குத் தெரியாது. எதற்கு இந்த வம்பு என்று கேட்டேன். "கண்ணு பாத்தா காலு சுருங்குதுங்க" என்றார். காய்ந்த இடம் தெரிந்தால் அடி தானாகவே குறுகுமாம், செழிப்பான இடம் தெரிந்தால் நீளுமாம்.

வேங்கிக்காலில் எனக்குப் பக்கத்து வீடு. கலெக்டர் ஆபீஸில் புள்ளியியல் பிரிவு. அறுவடை சமயத்தில் ஊர் ஊராகப் போவார். குலுக்கலில் விழுந்த வயலில், குலுக்கலில் விழுந்த இடத்தில், கயிறு கட்டிச் சதுரம் போட்டு, அதற்குள் விளைந்ததை மட்டும் எடுத்து எடை போடுவார். ஒரு வட்டாரத்தில் இப்படிச் சில வயல்களில் எடுத்த சராசரி ஒரு அளவுக்குக் கீழே போனால்தான் அங்கே எல்லாருக்கும் பயிர் இன்சூரன்ஸ் வரும். மேலே போனால் ஒருவருக்கும் இல்லை. அதனால் எந்த ஊரிலும் அவருக்குச் சும்மா டீ கிடைப்பதில்லை. டம்ளருக்குப் பின்னால் ஒரு வேண்டுதல் நிற்கும்.

கயிறு, முளைக்குச்சி, தராசு எல்லாம் ஒரு பழைய உரச்சாக்கில். அதற்கு லக்கேஜ் போடு என்று கண்டக்டர்கள் மல்லுக்கு நிற்பார்கள். பௌர்ணமி வந்தால் கிராமத்து பஸ்ஸெல்லாம் கிரிவலத்துக்குப் போய்விடும், இவர் ரோட்டோரம் சாக்கின் மேல் உட்கார்ந்திருப்பார். "ஜனம் மலைய சுத்துது, நான் மல்லாட்டைய சுத்தறேன்" என்பார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. பஸ் கிடைத்ததும் தூங்கிவிடுவார். தூங்கும்போதும் கண்ணாடி மூக்கில்தான் இருக்கும். வயலைத் தவிர வேறெங்கும் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

கல்லூரியில் எனக்குப் புள்ளியியலில் அரியர் வைத்த விஷயம் 'சமவாய்ப்பு மாறி'. அதை எக்ஸ் என்று எழுதுவார்கள். எக்ஸ் என்றால் கண்டுபிடிக்க வேண்டியது என்று நினைத்து, தேடு தேடென்று தேடி, பரீட்சையில் கோட்டை விட்டேன். இதைச் சொன்னபோது புகழேந்தி சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பெல்லாம் கம்மி.

"அல்ஜீப்ரா எக்ஸு வேறங்க. அது ஒளிஞ்சிகினு இருக்கும், தேடினா கெடைக்கும். இது ஒளிஞ்சிக்கல. இன்னும் பொறக்கவே இல்ல. வயல்ல கயிறு எங்க விழுந்தா என்னா எடைனு ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு நம்பர் இருக்குதில்ல? எங்க விழும்னு தெரியாத வரைக்கும் அந்த நம்பர் அத்தினியும் சேர்ந்ததுதான் எக்ஸு. சிலது ஜாஸ்தி வரும், சிலது எப்பவாச்சும் வரும். விழுந்து, தராசுல வெச்சிட்டோம்னு வை, அப்புறம் அது வெறும் நம்பரு."

"அப்ப கண்ணை மூடிக்கினு ஒரு கல்லை எறிஞ்சா போதாதா?"

"போதாது. கைக்கு ஒரு எடம் பழகியிருக்கும். அங்கயேதான் போயி விழும்."

மழை ஏமாற்றிய 2002-இல் அவரைச் சொந்த ஊருக்கே அனுப்பினார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம். வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். போக வேண்டியவருக்கு மஞ்சள் காமாலை. நானும் கூடப் போனேன், நான் எழுதும் பத்திரிகைக்கு ஏதாவது தேறும் என்ற ஆசையில்.

சீட்டு விழுந்தது சந்திரம்மாள் என்பவரின் மல்லாட்டை வயலில். வயல் முழுக்கச் சருகு. கிணற்று வாய்க்கால் ஓரத்தில் மட்டும், பாய் விரித்த மாதிரி கொஞ்சம் பச்சை. ஊரே வரப்பில் நின்றது. புகழேந்தியின் அண்ணன் பரசுராமனும் நின்றார். கூட்டுறவுக் கடனில் விதை போட்டு, போர் இறக்கி, அதில் புகைதான் வந்தது என்று நொந்துபோயிருந்த மனிதர். இன்சூரன்ஸ் வந்தால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கலாம் என்று காத்திருந்தார்.

புகழேந்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடந்தார். கால் நேராகப் பச்சையில் போய் நின்றது.

"ஏண்டா, ஊரே தீஞ்சி கெடக்குது. உன் கண்ணுக்கு இதான் தெரிஞ்சிதா?" என்றார் பரசுராமன்.

"கண்ணாடி போடலண்ணா."

"சரி, இப்ப போட்டுகினு பாரு. நாலு அடி தள்ளிக் கட்டுடா. உன்ன யாரு பாக்கப்போறா?"

புகழேந்தி முளை அடித்தார். இரண்டு தரம் குச்சி சாய்ந்தது. பெண்கள் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காய் ஆய்ந்து தராசில் கொட்டினார்கள். நல்ல காய். சந்திரம்மாள்தான் தலை குனிந்து நின்றார், தன் வயலில் விளைந்தது தன் குற்றம் போல. "அங்கதாங்க கொஞ்சம் காய்ச்சிது. அங்கயேதான் கயிறு வந்து விழணுமா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வயலைச் சேர்த்ததும் வட்டாரத்துச் சராசரி மயிரிழையில் மேலே ஏறிக்கொண்டது. இன்சூரன்ஸ் யாருக்கும் வரவில்லை.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஒருநாள் தெருக்குழாயில் குடத்தோடு நின்றபோது கேட்டே விட்டேன். "தள்ளிக் கட்டியிருந்தா என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அதுதானே நிஜமும்? வயல் காய்ஞ்சிதானே கெடந்துது?"

"காஞ்சிதான் கெடந்துது" என்றார். "ஆனா நான் நவுத்திட்டா அது வயலோட நம்பர் இல்ல, என் நம்பரு. இன்னிக்கி அண்ணனுக்காக நவுத்துவேன். நாளைக்கி வேற ஊர்ல எவனாவது வேண்டாதவன் இருப்பான்." குடம் நிரம்பி வழிந்தது, அவர் கவனிக்கவில்லை. "பச்சையில விழாதுனு எவனும் சொல்லல. எப்பவாச்சும் விழும். ஆயிரம் தடவ குலுக்கினா எல்லாம் சரியாயி நின்னுடும்னு படிச்சிருக்கோம். நெசந்தான். எங்கண்ணனுக்கு நான் ஒரு தடவதான குலுக்கினேன்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அது சரியான பதில் என்பதால் இன்னும் பிடிக்கவில்லை. அண்ணன் அதன்பிறகு அவரோடு பேசுவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் அன்று மத்தியானமே திரும்பிவிட்டார். சாக்கைத் தூக்கும்போது இப்போதெல்லாம் ஒரு பெருமூச்சு வருகிறது. "பென்ஷன் வரைக்கும் இழுக்கணுமே" என்கிறார்.

போன மாதம் கீழ்பென்னாத்தூரிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் அவர், காலடியில் உரச்சாக்கு, வழக்கம்போலத் தூக்கம். அவர் ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது விழித்துக்கொண்டார். கீழே பரசுராமன், கையில் ஒரு துணிப்பை, தோளில் சுருட்டிய பாய். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறார் என்று முன்சீட்டில் யாரோ பேசிக்கொண்டார்கள். ஏறியவர் இடம் தேடி எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

புகழேந்தி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.