சிறுகுறிஞ்சான் இலையும் அரை மாத்திரையும்

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அறுபதுகளின் பின்பாதி அது. இரும்புலியூரில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் தாம்பரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. அவர் பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய அண்ணனுக்கும் இதே வியாதிதான். கால் விரலில் வந்த சிறு புண் ஆறாமல் போய், காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். டாக்டரம்மா வியாதியின் பெயரைச் சொன்னதும் நான் குனிந்து என் கணவரின் கால்களைப் பார்த்தேன்.

காலையில் ஒரு மாத்திரை, அரிசியைக் குறைக்க வேண்டும், இனிப்பு கூடாது என்றார்கள். சிறுநீரை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நீலக் கரைசலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. தினமும் காலையில் அந்தக் குழாயை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, என்ன நிறம் வருகிறது என்று பார்த்தபடி நிற்பேன். மஞ்சள் வந்த நாளில் பள்ளியில் பாடம் ஓடாது.

மாத்திரை தொடங்கி இரண்டு மாதமாகியும் மஞ்சள் மாறவில்லை. எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வரும் அம்மாவிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் கூடையில் ஒரு கட்டு சிறுகுறிஞ்சான் இலை இருந்தது. ஏரிக்கரை வேலியில் படர்ந்திருந்ததாம்.

"இத்த மென்னுட்டு சக்கரைய வாயில போட்டுப் பாரும்மா. மண்ணு மாதிரி இருக்கும்" என்றார்.

அவர் எதிரிலேயே மென்று பார்த்தேன். சர்க்கரை உண்மையாகவே மணல் போல நாக்கில் கிடந்தது. வாயில் இனிப்பை அழிக்கிற இலை இரத்தத்திலும் அழிக்காதா என்று தோன்றியது. அன்று முதல் காலையில் ஒரு பிடி இலையை அரைத்து மோரில் கலந்து கணவருக்குக் கொடுத்தேன். வெந்தயத்தை ஊறவைத்தேன். பாகற்காய் வாரத்துக்கு நான்கு நாள். இரவுச் சோற்றுக்குப் பதில் கோதுமைக் கஞ்சி. அவர் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். மூன்றே வாரத்தில் குழாயில் பச்சை வந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எது வேலை செய்கிறது, மாத்திரையா இலையா என்று தெரியாத பயம் ஒன்று கூடவே வந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். படித்த டீச்சர் பச்சிலை அரைத்துக் கொடுக்கிறாளா என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அவரும், மோர்தானே குடிக்கிறேன், அதைப் போய் எதற்குச் சொல்ல வேண்டும் என்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கத்தில் உறவுக்காரர் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்தில் பிரியாணி, கேசரி, பாயசம். என் கண்ணில் படாத பந்தியில் போய் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டார். திங்கட்கிழமை காலை குழாயில் கொதித்து வந்தது செங்கல் நிறம்.

அடுப்படியில் குழாயை வைத்தபடியே விட்டுவிட்டு இலையை ஆய்ந்தேன். ஒரு பிடிக்கு இரண்டு பிடியாக அரைத்தேன். மதியத்துக்குச் சோறே கட்டவில்லை. இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் கீரை, அவ்வளவுதான். அவர் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மாலையில் நான் பள்ளியிலிருந்து திரும்பிய கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. வழக்கமாக ஆறரைக்கு வருகிறவர் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கூட வந்தவர் ஸ்டேஷனில் டீக்கடை வைத்திருப்பவர். அவர் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. உடம்பு சரியில்லை என்று சீக்கிரம் கிளம்பி வந்தவர், தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் தள்ளாடியிருக்கிறார். பெயர் கேட்டதற்குப் பதில் குழறியிருக்கிறார். மதுவிலக்கு இருந்த காலம். போலீஸ்காரர் ஒருவர் குடித்திருப்பதாக நினைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டார். டீக்கடைக்காரருடைய அம்மா சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவராம். அவருக்கும் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கி இப்படி வந்திருப்பதால் இவர் பார்த்தவுடன் புரிந்துகொண்டு, பாலில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்க வைத்திருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா பேஜாராப் பூட்டிருக்கும்கா" என்றார்.

அதே ரிக்‌ஷாவில் டாக்டரம்மாவிடம் ஓடினோம். வழி நெடுக அவர் கையை விடாமல் பிடித்திருந்தேன். சில்லிட்டிருந்தது. நான் கொடுத்த இலைதான், நான்தான் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

டாக்டரம்மா அவரைப் பார்த்து முடித்து, காலையிலிருந்து என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இலை, வெந்தயம், பாகற்காய், அன்றைய இரண்டு பிடி, குறைத்த சோறு. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அப்போது அவர் படுத்தபடியே மெல்லச் சொன்னார்.

"டாக்டர், நானும் இன்னைக்கு ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டேன். அடுப்படியில அந்தக் கலரைப் பார்த்தேன். அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே குழாயைப் பார்த்து இருவரும் பயந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கீரையும் பாகற்காயும் வேஸ்ட்டுன்னு நான் சொல்லவே இல்லம்மா. சாப்பாடும் சர்க்கரையைக் குறைக்கும். அதனாலதான் எனக்குத் தெரியணும். தெரிஞ்சிருந்தா மாத்திரையைக் குறைச்சிருப்பேனே."

மாத்திரை அன்றைக்கே பாதியாயிற்று. இலையை நிறுத்தச் சொன்னார். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு இறங்கும் என்று தனக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வெந்தயம், பாகற்காய், கோதுமை, காலை நடை எல்லாம் இருக்கட்டும் என்றார். முதல் பத்து நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. அரை மாத்திரை போதுமா என்று ஒரு பயம், அதுவே அதிகமோ என்று இன்னொரு பயம். பச்சை வந்தால்கூட நம்பாமல் இன்னொரு முறை கொதிக்க வைப்பேன். மூன்றாவது வாரத்தில் நீலம் வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பல வருடம் அவர் அந்த அரை மாத்திரையைத் தாண்டவில்லை. அதற்குக் காரணம் எங்கள் சாப்பாடும் நடையும்தான் என்று இன்றும் நம்புகிறேன். டாக்டரம்மாவும் அப்படித்தான் சொன்னார். மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள, அவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்க வேண்டும் என்பதும் டாக்டரம்மாவின் கட்டளை. ஆணியில் மாட்டிய சட்டையில் எறும்பு ஏறாத நாளில்லை. துவைக்கப் போடுமுன் நானே பையை உதறுவேன். பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறதா, எனக்குச் சொல்லாமல் மயக்கம் ஏதும் வந்துபோயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாளியில் நனைப்பேன்.